நள்ளிரவு மணியோசையும் ஒரு படி அரிசியும்

வார இறுதியில் பெரிய கோயிலையும் சரசுவதி மகாலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவரச் செல்லும் நம்மவர்கள், புறப்படுமுன் கேட்கும் முதற் கேள்வி 'தஞ்சாவூரில் எங்கே சாப்பிடுவது?' என்பதே. ஹலால் பேணும் குடும்பத்திற்கு இது நியாயமான கவலை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே நடந்து சென்றவர்களுக்கு இக்கவலை இன்னும் பெரிது. அதற்கு விடையாக இருந்தவை சத்திரங்கள்.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழியிலும் பிற சாலைகளிலும் அவற்றைக் கட்டினர். பெரும்பாலும் அரசகுலப் பெண்களின் பெயரே சூட்டப்பட்டது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில், இரண்டாம் சரபோஜி பெரிதும் நேசித்த முக்தாம்பாளின் பெயரால் 1802-இல் எழுந்த சத்திரம். உதுமானிய சுல்தானின் துணைவியார் ஹுர்ரம் 1552-இல் ஜெரூசலத்தில் நிறுவிய அன்னசாலை நினைவுக்கு வருகிறது. அங்கே வக்ஃபு ஊர்களின் வருவாய். இங்கே காவிரி பாயும் மானிய நிலங்களின் நெல்.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பெனியாரிடம் சென்றது. சத்திர நிலங்களும் கைமாறிவிடுமோ என்று அஞ்சிய சரபோஜி, 1801-இல் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆட்சியை இழந்த மன்னர் தமக்காக எதையும் கேட்பதை விட, வழிப்போக்கரின் சோற்றுக்காக வாதாடுவதே அதில் மேலோங்கி நிற்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை யாவருக்கும் சோறு உண்டு என்கிறார். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைப்பார்களாம். நோயுற்றவர் தேறும்வரை மருந்தும் பத்திய உணவும், கைக்குழந்தைகளுக்குப் பால், பிரசவித்த பெண்ணுக்கு மூன்று மாதம் வரை பராமரிப்பு, அநாதைப் பிள்ளைகளுக்குக் கல்வி, இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு எனப் பட்டியல் நீள்கிறது.

ஃபிக்ஹு பாடம் நடத்துபவன் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு வரி. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவருக்குப் பச்சரிசியும் மசாலைப் பொருள்களும் கொடுத்துவிடுவார்கள். உணவில் தனக்கென ஒரு வரம்பு உடையவர், தம் பாத்திரத்தில் தாமே பொங்கிக் கொள்ளலாம். ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சாதிக்கொரு பந்தி என்பது அக்காலத்தில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வந்தவரின் நெறியைக் கெடுக்காமல் பசியை மட்டும் தீர்க்கும் ஏற்பாடு எளிதன்று. ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் குர்ஆன் சேர்த்திருப்பதை ஓதும் நமக்கு இதன் அருமை புரியும்.

இதே அரசமரபைச் சேர்ந்த பிரதாப சிம்மன்தான் நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மனாராவைக் கட்டினார் என்பது பலரும் அறிந்தது. நீடாமங்கலத்துச் சத்திரமும் அவர் காலத்ததே. மனாரா கண்ணில் படுகிறது. சத்திரத்தைத்தான் நாம் கடந்து போய்விடுகிறோம்.

அதிராம்பட்டினத்துக்கோ பட்டுக்கோட்டைக்கோ செல்வோர் தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு வழியாகவே போகின்றனர். அடுத்த முறை அங்கே சற்று இறங்கிப் பாருங்கள். யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேர் போலச் செதுக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைப் பிள்ளைகள் விரும்புவார்கள். சோறு மட்டும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நலம்.