திருக்கேதார யாத்திரையும் அதன் வரம்பும்

தேவாரத் திருப்பதிகம் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் திருக்கேதாரமும் ஒன்று. அஃது இமயமலையின்கண் 11,700 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மந்தாகினி யாறு தோன்றும் பனிப்பரப்பின் அடியில் அமைந்துள்ளது. திருஞானசம்பந்த சுவாமிகளும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் அத்தலத்தைப் பாடியருளினர். ஆயினும் அவ்விருவரும் ஆண்டுச் சென்று பாடினரல்லர். திருக்காளத்தியில் இருந்தவாறே வடதிசைத் தலங்களை நினைந்து தொழுது பாடினர் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். இவ்வரலாற்றின்கண் இக்காலத்தார் உணர்தற்குரிய உண்மை ஒன்று உளது. கேதார யாத்திரை கடந்துவந்த நிலைகளை நோக்கின் அஃது இனிது விளங்கும்.

முற்காலத்தில் கேதாரம் செல்வோர் அரித்துவாரம், இருடிகேசம் என்னும் இடங்களினின்று கால்நடையாகவே புறப்படுவர். வழியில் சில கல் தொலைவுக்கு ஒன்றாகச் 'சட்டி' எனப்படும் தங்கலிடங்கள் இருந்தன. அங்குள்ள கடையில் அரிசி, பருப்பு, மா முதலியன வாங்குவோர்க்குத் தங்க இடமும் சமைக்கக் கலங்களும் வாடகையின்றிக் கொடுக்கப்பட்டன. காலி கம்ளிவாலா, அஃதாவது கரிய கம்பளியார், எனப்பட்ட விசுத்தானந்தர் என்னும் துறவி 19-ம் நூற்றாண்டில் இவ்வழி செல்வோர்க்கு அறச்சாலைகள் அமைக்கத் தொடங்கினார். நடக்கும் ஆற்றல் ஒரு வரம்பு. சட்டிகளின் இடம் ஒரு வரம்பு. பனிக்காலம் மற்றொரு வரம்பு. தீபாவளியை அடுத்துத் திருக்கதவம் அடைக்கப்பட, உற்சவ மூர்த்தி பல்லக்கில் இறங்கி உக்கிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலில் எழுந்தருளியிருப்பர்; சித்திரை வைகாசியளவில் மீண்டும் மலையேறுவர். இவ்வரம்புகளை ஒருவரும் சட்டமாக இயற்றிற்றிலர். மலையே அவற்றைக் காத்து வந்தது.

1962-ம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர் எல்லைப்புறம் நோக்கிச் சாலைகள் விரைந்து போடப்பட்டன. நாளடைவில் பேருந்து கௌரிகுண்டம்வரை சென்றது. எஞ்சிய நடை 14 கிலோமீட்டராகச் சுருங்கிற்று. 2000-ம் ஆண்டில் உத்தராகண்டம் தனி மாநிலமான பின், யாத்திரை அதன் வருவாய்க்குரிய வழிகளுள் தலையாயதொன்றாயிற்று. வழிபடுவாரோடு காட்சி காண வருவாரும் பெருகினர். அவர்தம் பொருட்டு விடுதிகளும் கடைகளும், இரண்டு நீரோடைகட்கு இடைப்பட்ட அச்சிறு நிலத்தில், கோயிலை நெருக்கி எழுந்தன.

2013-ம் ஆண்டு சூன் திங்கள் 16, 17-ம் நாள்களில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. பெருமழையாலும் உருகிய பனியாலும் நிரம்பிய சோராபாரி ஏரி, தன் மண்கரை உடைந்து, பாறைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு கீழிறங்கியது. கோயிலின் பின்புறத்தே ஒரு பெரும்பாறை வந்து தங்கி வெள்ளத்தை இருகூறாக்க, கோயில் நின்றது. அதனைச் சூழ்ந்த கட்டடங்களிற் பெரும்பாலன அழிந்தன. வழியிலிருந்த இராம்பாரா என்னும் ஊர் இருந்த இடம் தெரியாது போயிற்று. அம்மாநிலத்தில் இறந்தோரும் காணாமற் போனோரும் ஐயாயிரவர்க்கு மேற்பட்டவர். யாத்திரையை நம்பிப் பிழைத்த சிற்றூர்கள் சிலவற்றில் ஆடவர் பலர் ஒருங்கே மாண்டனர். மழை மனிதர் செயலன்று. வெள்ளம் செல்லும் வழியில் குடியேறியதோ மனிதர் செயலே.

அடுத்த ஆண்டில் சென்றோர் ஏறத்தாழ நாற்பதினாயிரவரே. ஆனால் 2019-ல் அத்தொகை பத்து இலட்சமாயிற்று. 2023-ல் பத்தொன்பது இலட்சத்தைக் கடந்தது. கோவேறு கழுதைகள் ஓய்வின்றிச் சுமை ஏறி வழியிலேயே வீழ்ந்திறந்தன. ஹெலிகாப்டர் விபத்தில் 2022 அக்டோபரில் எழுவரும், 2025 சூனில் எழுவரும் உயிரிழந்தனர். 2024 சூலை இறுதியில் பெய்த மழையால் நடைபாதை மீண்டும் அறுந்து, ஆயிரக்கணக்கானோர் இடையே சிக்கி மீட்கப்பட்டனர். 2022-ம் ஆண்டு யாத்திரையின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 12,000 பேர் என அரசு வரம்பு குறித்தது. 2025 மார்ச்சில் இந்திய அரசு இசைவளித்த 12.9 கிலோமீட்டர் ரோப்வே என்னும் கம்பிவடப் பாதையோ, நாளொன்றுக்கு 18,000 பேரை ஏற்றிச் செல்லுமாறு வகுக்கப்பட்டது. ஊர்தி ஏற்கும் அளவு வேறு. மலை ஏற்கும் அளவு வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை அளத்தல் பிழையாம்.

இனி, "அடியார்கள் இறைவனைத் தரிசித்தற்கு எல்லை வகுத்தல் தகுமோ? மலைவாழ்நரின் பிழைப்புக்கும் கேடன்றோ?" எனின், கூறுதும். ஆண்டில் ஏறத்தாழ அரையாண்டு திருக்கதவம் அடைத்தல் தொன்றுதொட்டு வந்த வழக்கம். அதனால் வழிபாடு குறைந்ததென்று எவரும் கருதிற்றிலர். ஆகலின் வரம்பு வழிபாட்டிற்குப் பகையன்று, அதன் உறுப்பேயாம். பிழைப்பும் அத்தகையதே. ஒரு சில திங்களில் ஓரிடத்தே குவியும் கூட்டம் ஒரு வெள்ளத்தோடு பிழைப்பையும் பிழைப்போரையும் வாரிச் செல்லும் என்பதை 2013 காட்டிற்று. உக்கிமடத்துப் பனிக்கால வழிபாட்டை நாடி அன்பர்கள் சென்றால், மலையடி ஊர்கள் ஆண்டு முழுதும் வாழும். 2024 திசம்பரில் மாநில அரசு பனிக்கால யாத்திரையைத் தொடங்கியது இவ்வகையிற் பொருந்தியதே.

ஆதலின் செய்யத்தக்கன இவை: நாள்வரம்பு ஏட்டளவில் நில்லாது காக்கப்படல் வேண்டும். ஆற்றுப்படுகையில் புதுக்கட்டடம் எழலாகாது. விலங்குகட்கு ஓய்வும் நீரும் மருத்துவமும் முறைப்படி அமைதல் வேண்டும். பிளாஸ்டிக் புட்டில்கட்கு 10 ரூபாய் ஈடு பெற்று, திருப்பிக் கொணர்வோர்க்கு மீட்டளிக்கும் முறை 2022-ல் அங்கே தொடங்கப்பட்டது. அத்தகையன பரவுதல் நன்று. செல்வோரும் சட்டிக்காலத்து யாத்திரிகர்போல மெல்லச் சென்று, தங்கி, மலையூரார்க்குப் பயன்பட நடத்தல் வேண்டும்.

திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலை காணும் வேட்கையால் கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, உடல் தேயப் புரண்டும் சென்றார். இறைவன் அவரைத் திருப்பியருளித் திருவையாற்றிலே கயிலைக் காட்சியை அளித்தனன். திரும்பியதனால் அவர்க்குக் குறைந்தது யாதுமில்லை. காளத்தியில் நின்று பாடிய பதிகங்கட்கும் கேதாரத்தில் நின்று பாடாமையாற் குறைவு நேர்ந்ததில்லை. செல்லாது நின்று தொழுதலும் யாத்திரையே என்பதை உணரும் அன்பர் பெருகுமளவிற்கு, சென்று தொழுவார்க்கு அம்மலையும் நிலைபெறும்.