நிலாவெளி மணலும் களைகொல்லியும்

நிலாவெளி முதல் புல்மோட்டை வரையுள்ள கரையோர மணலில், கடல்நீரின்மேல் மெல்லியதொரு நன்னீர்ப்படை மிதக்கின்றது; கிணறுகளுக்கு ஊற்று அதுவே. அதில் உவர் ஏறினால் நா அறியும். களைகொல்லியை நா அறியாது.

1974இல் உலகச் சந்தைக்கு வந்த கிளைபோசேற்றைக் களிமண் இறுகப் பற்றும். மணலுக்கு அவ்வாற்றல் குறைவு. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்தபின் தோன்றும் அமினோமெதைல்பொசுபோனிக்கமிலம் தாய்ப்பொருளினும் நெடிது நிலைப்பது.

சிறுநீரக நோய் குறித்த அச்சத்தால் 2015இல் இலங்கை அரசு கிளைபோசேற்று இறக்குமதியைத் தடைசெய்தது. திருகோணமலை மாவட்டத்துப் பதவி சிறிபுரவும் அந்நோய் கண்ட பகுதியே. (நோய்க்கு இந்நஞ்சே காரணமென ஐயமற நிறுவப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.) 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டது; 2022இல் தடையே நீங்கிற்று. வாதமெல்லாம் இறக்குமதியைப் பற்றியே நிகழ்ந்தது. மண்ணுள் முன்னரே இறங்கியதைத் தடைச்சட்டம் தொடுவதில்லை. கிளைபோசேற்றை மட்டும் தேடும் நீர்ச்சோதனையோ, பெயர்மாறிய எச்சத்தைக் காணாது விட்டுவிடும்.