இராஜகோபால சிதம்பரம்

இராஜகோபால சிதம்பரம் (1936–2025), இந்திய அணுசக்தித் துறையின் இயற்பியலாளர். இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1962-இல் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் டிராம்பே அணுசக்தி மையத்தில் (பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையம்) சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட துறை படிகவியல்: கதிர்கள் சிதறும் விதத்தைக் கொண்டு படிகத்தில் அணுக்களின் இருப்பிடத்தைக் கண்டறிவது. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களால் சிதறுபவை. ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அவற்றுக்குச் சரியாகப் புலப்படாது. நியூட்ரான்களோ அணுக்கருவால் சிதறுவதால் ஹைட்ரஜன் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அணு உலையின் நியூட்ரான் கற்றையைக் கொண்டு அமினோ அமிலப் படிகங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளை அவர் ஆராய்ந்தார்.

1960களின் இறுதியில் அம்மையத்தின் அணு இயற்பியலாளர் ராஜா ராமண்ணா அவரிடம் வேறொரு பணியை ஒப்படைத்தார்: கடும் அழுத்தத்தில் புளூட்டோனியம் எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லும் நிலைச் சமன்பாடு. எந்த நாடும் வெளியிடாத விவரம் அது. அடிப்படை இயற்பியலிலிருந்தே வருவிக்க வேண்டியிருந்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்த அணுவெடிப்புச் சோதனைக்கு அது இன்றியமையாததாயிற்று. புளூட்டோனியத்தைப் பம்பாயிலிருந்து ராணுவ வாகனங்களுடன் பாலைவனத்துக்குக் கொண்டுசென்றவர்களில் அவரும் ஒருவர்.

1990-இல் பாபா அணு ஆராய்ச்சி மைய இயக்குநர், 1993 முதல் 2000 வரை அணுசக்தி ஆணையத் தலைவர். தோரியத்திலிருந்து பெறும் யுரேனியம்-233-இல் இயங்கும் கல்பாக்கத்தின் காமினி உலை 1996-இல் செயல்படத் தொடங்கியது அவர் தலைமைக் காலத்தில்தான். 1998 மே மாதம் மீண்டும் பொக்ரானில் நடந்த அணுச் சோதனைகளில் அணுசக்தித் துறையை வழிநடத்தினார். அவற்றில் வெப்ப அணுக்கருச் சாதனத்தின் திறன் 45 கிலோ டன் என்றது அரசு. அது எதிர்பார்த்த அளவை எட்டவில்லை என்று அச்சோதனைகளில் பங்கேற்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் விஞ்ஞானி கே. சந்தானம் 2009-இல் கூறினார். நில அதிர்வு, கதிர்வேதியியல் சான்றுகளைக் காட்டிச் சிதம்பரம் கடைசிவரை அதை மறுத்தார்.

பொக்ரானின் வெளிச்சத்தில் மங்கிப்போனது, ஆனால் கூடுதல் கவனத்துக்குரியது, 2001-இல் அப்துல் கலாமை அடுத்து அவர் ஏற்ற ஆலோசகர் பணி. தேவை எங்கே என்பதை நாடு சொல்லட்டும், அந்தத் திசையில் அடிப்படை ஆய்வு தடையின்றி நடக்கட்டும் என்பது அவருடைய கொள்கை. புளூட்டோனியச் சமன்பாட்டில் அவரே வாழ்ந்து பார்த்த வழி அது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் அதிவேகத்தில் இணைக்கும் தேசிய அறிவு வலைப்பின்னல் அவர் முனைப்பில் உருவானது. ஊரகத் தொழில்நுட்பச் செயற்குழு என்ற அமைப்பு, கிராமத் தொண்டு நிறுவனங்கள் சொல்லும் சிக்கல்களைச் சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.களுக்குக் கொண்டுசென்றது. மூகாப் பட்டுநூல் எடுக்கும் இயந்திரம் கவுகாத்தியில் மேம்பட்டது அப்படித்தான். 2018 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.