தவழ்தலுக்கு இல்லாத பருவம்

பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கின்றன. அப்பத்தனுள் தவழ்தலுக்கெனத் தனிப் பருவம் இல்லாமை வியப்புக்குரியது. 5ஆம் திங்களுக்குரிய செங்கீரையே அதற்கு மிக அணித்தானது. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து குழந்தை அசைந்தாடும் நிலை அது. முன்னே செல்ல விழைந்தும் உடல் இடங்கொடாத அத்தவிப்பைத் தாயரே முதலிற் கண்டிருத்தல் வேண்டும். இலக்கணம் வகுத்தோர் பின்னர்ப் பெயரிட்டனர் போலும்.

ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டினரான பெரியாழ்வார் யசோதையாக நின்று பாடியபோது பருவங்கள் பத்தென இறுகிவிடவில்லை. செங்கீரைக்கும் சப்பாணிக்கும் தளர்நடைக்கும் தனித்தனிப் பதிகம் தந்த அவர், தவழ்தலை அம்புலிப் பதிகத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். நெற்றிச் சுட்டி அசைய, கிண்கிணி ஒலிக்க, தவழ்ந்துபோய்ப் புழுதி அளைகிறான் மகன். தாய் அப்புழுதியைத் துடைக்க விரையவில்லை. அவனைப் பார்த்துவிட்டுப் போகுமாறு நிலவை அழைக்கிறாள்.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழே இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழமையானது. அங்கே செங்கீரை ஆடுபவன் வேந்தன். வெற்றியும் குலப்பெருமையும் பாடல்களை நிறைக்கின்றன. பருவத்தின் பெயர் நின்றது. முழங்காலில் ஒட்டிய புழுதி போயிற்று. பின்வந்தோர் பலரும் (குமரகுருபரர் போன்ற சிலர் நீங்கலாக) அத்தடத்திலேயே நடந்தனர்.

இவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே புறநானூற்றில் ஒரு பிள்ளையைக் காண்கிறோம். குறுநடை நடந்து, உண்கலத்துள் கையிட்டு, நெய்ச்சோற்றை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் பிள்ளை அது. பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி, தானே ஓர் அரசன். அவன் பாட்டில் அப்பிள்ளை எந்த நாட்டையும் வெல்லவில்லை.