நாற்பத்தொரு மணி நேர வாதம்

ஆங்கிலேயரது காமன்ஸ் சபையில் பேச எழும் அங்கத்தினர் எதிர்க்கட்சியாரை நோக்கிப் பேசார். சபாநாயகரை நோக்கியே பேசுவர். பிற அங்கத்தினரைப் பெயர் சொல்லிச் சுட்டுதலும் ஆண்டு மரபன்று. சினம் நேரே பாயாது தணிதற்கு இஃதோர் உபாயமாம்.

ஆயினும், முறை வழுவாது பேசுவோரை நிறுத்தப் பழைய விதிகளில் வழியில்லை. ஐர்லாந்தில் விசாரணையின்றி மக்களைச் சிறையிட அதிகாரம் கோரும் மசோதாவைப் பற்றி 1881-ஆம் வருஷம் ஜனவரி 31-இல் கூடிய கூட்டத்திலே, பார்னெலைத் தலைவராகக் கொண்ட ஐரிஷ் அங்கத்தினர் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து பேசிக்கொண்டேயிருந்தனர். இரண்டு இரவுகள் கழிந்தன. 41 மணி நேரஞ் சென்றபின், பிப்ரவரி 2-ஆம் நாட் காலை, சபாநாயகர் பிராண்டு என்பார், எழுதப்பட்ட விதி யாதொன்றுமின்றி, தம் பொறுப்பிலேயே வாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விட்டனர்.

ஐரிஷ்காரர் செய்தது வெறும் வம்பு என்பாருமுளர். யான் அங்ஙனங் கொள்ளேன். எண்ணிக்கையிற் குறைந்தார்க்குக் காலத்தையன்றி வேறு படைக்கலம் யாது?

வாதத்தை முடித்தற்குரிய விதி 1882-இல் அமைந்தது. 1887-இல் அதனைத் திருத்துங்கால், வாதத்தை முடிப்பது சிறுபான்மையோர் உரிமைக்கு ஊறாகுமெனத் தோன்றின் சபாநாயகர் அதற்கு இடங்கொடாது மறுக்கலாமென்றும் எழுதிவைத்தனர். அவ்வாசகம் இன்றும் அவ்விதியில் உளது.