குறைந்த ஆட்டம், மிகுந்த ஊதியம்: ஜிப்ஸி ரோஸ் லீயும் அமெரிக்கப் பர்லெஸ்க் மேடையின் உழைப்பும்

திறவுச்சொற்கள்: பர்லெஸ்க், வாட்வில், மேடை உழைப்பு, ஊதியம், ஜிப்ஸி ரோஸ் லீ

1930களின் நியூயார்க் பர்லெஸ்க் அரங்குகள் ஆடை களையும் ஆட்டத்தால் பெயர் பெற்றவை. அம்மேடையிலிருந்து நாடறிந்த நட்சத்திரமாக உயர்ந்தவர் ஜிப்ஸி ரோஸ் லீ (1911–1970). உடன் ஆடியவர்களைவிட இவர் குறைவாக ஆடினார், குறைவாகவே களைந்தார், ஆயினும் மிகுதியாக ஈட்டினார். இதனை உழைக்காமல் பெற்ற வருவாய் எனக் கொள்வோர் உளர். உழைப்பு குறையவில்லை, உடலிலிருந்து வேறிடத்துக்குப் பெயர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சியாட்டிலில் ரோஸ் லூயிஸ் ஹோவிக் எனப் பிறந்த இவர், வாட்வில் எனப்படும் பல்சுவை மேடைகளில் தாய் நடத்திய குழுவில் வளர்ந்தார். அக்குழுவின் ஆட்டமும் பாட்டும் தங்கை ஜூனுக்கு உரியவை. மூத்தவருக்கு ஓரமே கிடைத்தது. 1928இல் ஜூன் குழுவை விட்டு நீங்கினார். பேசும்படத்தின் வரவால் வாட்வில் அரங்குகளும் நலிந்தன. நடனத் திறத்தால் பிழைக்க இயலாத நிலையில்தான் லீ பர்லெஸ்க் மேடைக்கு வந்தார் என்பது கருதத்தக்கது.

அங்கு அவர் வகுத்துக்கொண்ட முறை எளிமையானதாகத் தோன்றும். ஒரு கையுறையைக் கழற்றவே நெடுநேரம் எடுத்துக்கொள்வார். ஆடையைப் பிணைத்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி எறிவார். இடையிடையே பார்வையாளரோடு பேசுவார். 1936ஆம் ஆண்டின் சீக்ஃபெல்ட் ஃபோலீஸ் நிகழ்ச்சியில் இடம்பெற்ற அவரது புகழ்பெற்ற உருப்படியில், ஆடை களைபவளின் மனத்தில் அவ்வேளையில் ஓடும் எண்ணங்களே பேச்சாகின்றன. அவ்வெண்ணங்கள் காமத்தைப் பற்றியவை அல்ல. கலை, இலக்கியம் பற்றியவை. பார்ப்பவனின் எதிர்பார்ப்பே நகைப்புக்குள்ளாகிறது. அவனும் சேர்ந்து சிரிக்கிறான். இச்சிரிப்புக்குத் தேவைப்பட்ட சொல்லாட்சி, கால அளவு, ஆடையமைப்பு ஆகியவை எளிதில் கைவருவன அல்ல. அசைவின் அளவைக்கொண்டு உழைப்பை அளப்போர்க்கு இவை புலப்படுவதில்லை.

எனினும் இவ்வழி எல்லார்க்கும் திறந்திருந்ததாகக் கொள்ளலாகாது. குழு நடனப் பெண்கள் நாளொன்றுக்குப் பல காட்சிகள் ஆடிச் சிறு கூலி பெற்றனர். நட்சத்திரம் நிதானமாக வந்துபோக, எஞ்சிய பொழுதை நிரப்பியவர்கள் அவர்களே. 1935இல் நியூயார்க் பர்லெஸ்க் கலைஞர்கள் சங்கமாகத் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். லீயின் வெற்றியைத் தனித்திறன் கதையாக மட்டும் எழுதும் வரலாறுகள் இப்பெண்களைப் பெரும்பாலும் கடந்துபோகின்றன, இது குறையே.

லீயின் ஊதியம் எதற்கானது என்பதை 1937ஆம் ஆண்டு தெளிவாக்குகிறது. மேயர் லா கார்டியாவின் ஆட்சி அவ்வாண்டு பர்லெஸ்க் அரங்குகளின் உரிமங்களைப் புதுப்பிக்க மறுத்தது. லீ ஹாலிவுட் சென்றார். ஒழுக்கத் தணிக்கைக்கு அஞ்சிய படநிறுவனம் அவரை லூயிஸ் ஹோவிக் என்ற இயற்பெயரிலேயே நடிக்கவைத்தது. உடல் அதுவே, முகமும் அதுவே, படங்கள் எடுபடவில்லை. விலைபெற்றது ‘ஜிப்ஸி ரோஸ் லீ’ என்னும் பெயரும் அதற்குரிய குரலும் எனலாம்.

அக்குரலை அவர் பின்னர் எழுத்தில் பதித்தார். 1941இல் பர்லெஸ்க் அரங்கைக் களமாகக் கொண்ட அவரது துப்பறியும் புதினமும் 1957இல் ‘ஜிப்ஸி’ என்னும் தன்வரலாறும் வெளிவந்தன. 1959இல் தன்வரலாறு பிராட்வே இசை நாடகமாயிற்று. அதில் லீயாக மேடையேறி ஆடியவர் வேறொரு நடிகை; உரிமைத்தொகை லீயைச் சேர்ந்தது.