பொன்னும் கொலையும்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்புகளில் அனுபவப் புள்ளி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே வழித்தடத்தில் செல்கிறார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட மூன்று சிறு நூல்கள் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தவை. அதனால் தொடக்க கால ஆட்டம் வெட்டும் குத்துமாக இருந்தது. பதிப்புக்குப் பதிப்பு அது கதை சொல்லும் கலையாக முதிர்ந்தது என்பார்கள். விதிநூல்களை அருகருகே வைத்துப் படித்தால் இந்தக் கூற்று நிற்பதில்லை. விதிகளின் அளவில் நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. முறிவு நிகழ்ந்த ஆண்டும் பலர் கருதுவதுபோல் 2000 அன்று, 1989.

இதை நிறுவ ஒரே ஓர் இழையைப் பின்தொடர்ந்தால் போதும். ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். டஞ்சன் மாஸ்டர் உலகத்தை நடத்துகிறார். பாத்திரங்கள் அனுபவப் புள்ளிகளைச் சேர்த்து அடுத்த நிலைக்கு உயர்கின்றன. அந்தப் புள்ளி எதற்குக் கிடைக்கிறது? கூலி எந்த வேலைக்கோ, ஆட்களின் கை அந்த வேலைக்கே போகும். ஒரு பதிப்பு எத்தகைய ஆட்டத்தை விரும்பியது என்பதை அதன் முன்னுரையைவிட அதன் புள்ளிக் கணக்கு தெளிவாகச் சொல்கிறது.

டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிநூலை எடுத்துக்கொள்வோம். தொடக்க கால ஆட்டத்தின் எண்ணம் மிகத் தெளிவாக வெளிப்படும் நூல் என்று இதையே சொல்வேன். நிலவறையிலிருந்து மீட்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. ஓர்க் என்னும் அரக்கன் ஒருவனை வீழ்த்தினால் பத்துப் புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலையை எட்ட 2000 புள்ளி தேவை. ஓர்க்குகளைக் கொன்றே முன்னேற நினைப்பவன் தன் பங்குக்கு 200 ஓர்க்குகளைக் கொல்ல வேண்டும். அதே நூலில் ஒரு நகையின் சராசரி மதிப்பு ஆயிரம் பொன்னைத் தாண்டுகிறது. பங்குக்கு இரண்டு நகை கிடைத்தால் வேலை முடிந்தது. புள்ளிகளில் முக்கால் பங்குக்கு மேல் புதையலிலிருந்தே வரும் என்று நூலும் மறைக்காமல் சொல்கிறது.

சுற்றியுள்ள விதிகள் எல்லாம் இந்தக் கணக்குக்கே துணை நிற்கின்றன. பந்தம் ஆறு சுற்றுகள் எரியும். ஒரு சுற்று பத்து நிமிடம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பகடை உருட்ட வேண்டும்; ஒன்று விழுந்தால் அலைந்து திரியும் அரக்கர் எதிர்ப்படுவர். பெரும் புதையல் அரக்கர்களின் வளைக்குள் இருப்பது. இப்படி வழியில் வருவோரிடம் பெரிதாக எதுவும் இராது. ஆகவே தாமதமும் சண்டையும் நட்டக் கணக்கு. எதிர்ப்படுவோரும் உடனே பாய்வதில்லை. இரு பகடைகளை உருட்டி அவர்களின் மனநிலையை அறியும் அட்டவணை உண்டு. உறுதியான தாக்குதல் இரண்டு என்ற எண்ணுக்கு மட்டும்தான், அதாவது 36இல் ஒரு வாய்ப்பு. மற்ற எண்களுக்குப் பகைமை, தயக்கம், பேரம், விலகல், நட்பு. சண்டையே மூண்டாலும் எதிரிகள் மனவுறுதி இழந்து ஓடக்கூடும். இதற்கு நேர் எதிரில், உயிர்ப்புள்ளி பூச்சியத்தைத் தொட்ட பாத்திரம் செத்தது செத்ததுதான்.

புதையலுக்கும் எடை உண்டு. பத்துக் காசு ஒரு பவுண்டு. நூறு செப்புக் காசுகள் சேர்ந்தால்தான் ஒரு பொன். 2000 செப்புக் காசு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மதிப்பு இருபதே புள்ளி, ஆனால் ஓர் ஆள் சுமக்கக்கூடிய 1600 காசு எல்லையை அது தாண்டுகிறது. அள்ளுவதா, விடுவதா? அள்ளினால் நடை தளரும், பந்தம் அணையும், பகடை மேலும் சில முறை உருளும். இதைக் கொலை விளையாட்டு என்று அழைப்பது விதிகளைப் படிக்காமல் பேசுவது. இது திட்டமிடலையும் துணிச்சலையும் அளந்து பார்க்கும் திருட்டுக் கலை. பொன்னுக்கும் அனுபவத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி அன்றே எழுந்தது. பூசாரி வழிபட்டும் மந்திரவாதி ஏடுகளைப் படித்தும் வளர்வதுதான் இயல்பு, ஆனால் அதைச் சுவையான ஆட்டமாக்க முடியாது என்பது 1979ஆம் ஆண்டு டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் கைகாக்ஸ் தந்த விடையின் சாரம்.

பிறகு நாயகர்கள் வந்தார்கள். 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகச வரிசை, நாவல்களோடு கைகோத்து, ஆடுவோர் கையில் முன்பே வார்த்த காவியப் பாத்திரங்களைக் கொடுத்தது. உலகைக் காக்கப் புறப்பட்டவன் செப்புக் காசை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. 1989இல் டேவிட் குக் வடிவமைத்த இரண்டாம் பதிப்பு வந்தபோது, பொன்னுக்குப் புள்ளி என்பது விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விதியாக இறக்கப்பட்டது. அதிகம் பயன்படுத்தினால் புதையல் பெருகிவிடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. பகடை முறை பெரிதும் மாறாததால் இந்தப் பதிப்பைப் பழையதைத் துடைத்துத் தந்த ஒன்றாகவே பலர் கடந்துபோகிறார்கள். எனக்கோ இதுதான் பெரிய இடமாற்றமாகத் தெரிகிறது. பொன்னை எடுத்துவிட்ட பின் எஞ்சியது அரக்கர்களின் புள்ளி. சாகசத்தை முடித்ததற்குத் தனிப் பரிசு உண்டு என்று சொன்ன நூல், அது அந்தச் சாகசத்து அரக்கர்கள் எல்லாரையும் வென்றால் கிடைக்கும் தொகையை மிஞ்சலாகாது என்றும் வரையறுத்தது. கதையை அளக்கவும் கொலையே அளவுகோலாயிற்று. கதையை விரும்பித்தான் இதைச் செய்தார்கள், பேராசையை நீக்கினார்கள், ஆனால் சண்டையைத் தவிர்ப்பதற்கான காரணமும் அதோடு போய்விட்டது.

விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1997இல், ஆட்டத்தை அதுவரை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை வாங்கியது. 2000இல் அது வெளியிட்ட மூன்றாம் பதிப்பு இந்தச் சாய்வைக் கணிதமாக்கியது. ஒவ்வோர் எதிரிக்கும் ஓர் அறைகூவல் மதிப்பு; குழுவின் நிலைக்குச் சமமான மோதல் அதன் வளங்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும்; அத்தகைய மோதல்கள் பதின்மூன்றோ கொஞ்சம் கூடவோ முடிந்தால் அடுத்த நிலை. நேர்மையாகச் சொல்வதென்றால், எதிரியை ஏமாற்றிக் கடந்தாலும் புள்ளி தரலாம் என்று நூல் அனுமதிக்கிறது. ஆயினும் எண்ணப்படும் அலகு மோதலே. 2008இன் நான்காம் பதிப்பு தேடல்களுக்குப் புள்ளி தந்தபோதும் ஆட்டத்தின் எடையைக் கட்டம் போட்ட போர்க்களத்தின் மேல் வைத்தது.

மீண்டும் அந்த ஓர்க்கிடம் வருவோம். இரண்டாம் நிலைக்கு உயர, ஓர்க்குகளை மட்டும் கொல்லும் போர்வீரன் ஒருவனுக்குத் தலைக்கணக்கு 1981இல் 200, 1989இல் 134, 2000இல் 7, 2014இன் ஐந்தாம் பதிப்பில் 3. புதிய பதிப்புகள் விரைவான வளர்ச்சியை விரும்பியது இதில் ஒரு பகுதிக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் 200 என்ற எண் கொலையால் முன்னேற முடியாது என்று சொல்லும் எண். 3 என்பது அதுவே வழி என்று சொல்லும் எண்.

ஐந்தாம் பதிப்பு இன்னொரு கதவையும் திறந்தது. புள்ளிக் கணக்கையே விட்டுவிட்டு, கதையின் முக்கியக் கட்டம் ஒன்றை எட்டியதும் நிலை உயர்த்தலாம். இது கொலையின் பிடியைத் தளர்த்துகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எது முக்கியக் கட்டம் என்பதை டஞ்சன் மாஸ்டரே தீர்மானிக்கிறார். பழைய கணக்கில் எந்தப் புதையலுக்குப் போவது, எப்போது திரும்புவது என்பதை ஆடுவோர் தாமே முடிவுசெய்தார்கள், விளைவும் அவர்களுடையது. அந்த உரிமை கைமாறியிருப்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

விதிநூல் வேறு, மேசையில் நடப்பது வேறு என்ற மறுப்பு வலுவானது. ஜான் பீட்டர்சன் 2020இல் வெளியிட்ட ‘த எலூசிவ் ஷிஃப்ட்’ அதற்குச் சான்றுகளைக் குவிக்கிறது: 1970களின் ஆர்வலர் இதழ்களிலேயே பாத்திரமேற்பு முதன்மையா, வெற்றி முதன்மையா என்ற விவாதம் கொதித்துக்கொண்டிருந்தது. விதியை மாற்றி ஆடியவர்கள் ஏராளம். இதை ஏற்கிறேன். ஆனால் மாற்றி ஆடியவர்களும் எதை மாற்றினார்கள் என்பதற்கு அச்சிட்ட விதியே தொடக்கப் புள்ளி. புதிதாக வந்தவர், கற்றுத்தர யாருமில்லாதவர், பெட்டியைத் திறந்து படித்ததைத்தான் ஆடினார்.

மேலும் ஒரு சான்று பழைமைக்குத் திரும்பியவர்களிடமிருந்து வருகிறது. மூன்றாம் பதிப்போடு வந்த திறந்த உரிமத்தைக் கொண்டே 2006இல் ஓஸ்ரிக் என்ற நூல் பழைய விதிகளை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2019இன் ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் 1981ஆம் ஆண்டு விதிகளைச் சீராக அடுக்கித் தந்தது. இரண்டும் பொன்னுக்குப் புள்ளி என்ற விதியை விருப்ப விதியாக அல்லாமல் ஆட்டத்தின் முதுகெலும்பாகவே வைத்திருக்கின்றன. மீட்டெடுத்தவர்கள் வெறும் பழைய பகடை முறையைத் தேடிப் போகவில்லை. 1989இல் விருப்ப விதியாக இறக்கப்பட்டதையும் சேர்த்தே எடுத்து வந்திருக்கிறார்கள்.